மலிவு விலை பயோனிக் கை: கேட்டதும் சொன்னதும்

கிள்ளான் தம்பி: அண்ணே, முழங்கைக்குக் கீழே கை இழந்த ஒருவருக்குச் செய்கிறோம். விரலுக்கு ஒன்றாக ஐந்து சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சின்ன மோட்டார்) போடலாமா?

வேண்டாம் தம்பி. பெருவிரலுக்கு ஒன்று, ஆள்காட்டி விரலுக்கு ஒன்று, மிச்ச மூன்றுக்கும் சேர்த்து ஒன்று. எம்ஜி996ஆர் ரக சர்வோ ஒன்று 55 கிராம். மோட்டாருக்கே 165 கிராம் போய்விடும். 70 கிலோ ஆளின் நிஜக் கையே 400 கிராம் சுற்றுதான், அதுவும் எலும்போடு சேர்ந்தது. செயற்கைக் கை தோலில் தொங்குவதால் இன்னும் கனக்கும். பேட்டரியை முழங்கைப் பக்கம் தள்ளுங்கள்.

அந்த மூன்று விரலையும் இழுத்து மடக்கும் கயிறுகளை நேரே மோட்டாரில் கட்டாதீர்கள். நடுவே இருபுறமும் சாயும் சின்னச் சட்டம் வையுங்கள். ஒரு விரல் தே தாரிக் கிளாஸில் முட்டி நின்றாலும் மற்றவை போய்ப் பிடிக்கும். கயிறு பின்னிய தூண்டில் நூலாக இருக்கட்டும். நைலான் இழுபட்டுத் தொய்ந்துவிடும்.

ஜெலுத்தோங் தங்கச்சி: விரல் எதையாவது இறுக்கிப் பிடித்தால் ஆர்டுயினோ நேனோ (கையை இயக்கும் குட்டிக் கணினி போர்டு) ரீசெட் ஆகிறது. இரண்டு 18650 லித்தியம் செல், வோல்ட்டைக் குறைக்க எல்எம்2596 போர்டு.

அந்த போர்டுதான் வில்லன். அதன் உச்சம் 3 ஆம்ப். பொருளை இறுக்கிய சர்வோ சுழல முடியாமல் நிற்கும்போது ஒன்றே 2.5 ஆம்ப் வரை இழுக்கும், மூன்றுக்கு 7.5. வோல்ட் சரிந்து நேனோ செத்துப் பிழைக்கிறது. உங்கள் இரண்டு செல்லின் வோல்ட்டிலும் வேலை செய்யும் 8 ஆம்ப் போர்டு வாங்கி 5.5 வோல்ட்டில் வையுங்கள். சர்வோ பக்கத்திலேயே 1000 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர். நேனோவுக்குத் தனி ரெகுலேட்டர், கிரவுண்ட் மட்டும் பொது. செல் 10 ஆம்ப் தாங்குவதாக, பாதுகாப்பு போர்டோடு இருக்கட்டும். பழைய லேப்டாப்பில் பிடுங்கியது வேண்டவே வேண்டாம். கோலாலம்பூர் வந்தால் ஜாலான் பாசார் கடைகளில் தேடுங்கள்.

விரல் பொருளைப் பிடித்த பிறகு, நேனோவின் புரோகிராமில் சர்வோவை இரண்டு மூன்று டிகிரி தளர்த்திவிடுங்கள். இல்லாவிட்டால் மோட்டார் சுட்டே கெடும்.

செந்தூல்: தசை சென்சார் போட்டால், லேப்டாப் சார்ஜரில் இருக்கும்போது கை தானாக மூடுகிறது.

நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அது. சென்சார் படிக்கும் தசையின் மின் சிக்னலும் ஏறக்குறைய 20 முதல் 450 ஹெர்ட்ஸுக்குள்தான், அதனால் இரண்டும் கலந்துவிடும். முதல் வேலை, சார்ஜரைக் கழற்றுங்கள். ஆள் உடம்பில் எலெக்ட்ரோடு (சிக்னலை எடுக்கத் தோலில் ஒட்டும் பட்டை) இருக்கையில் சுவர் மின்சாரத்தோடு எந்த இணைப்பும் கூடாது. இரண்டு எலெக்ட்ரோடும் தசை ஓடும் திசையில், மையத்துக்கு மையம் 2 செ.மீ.; மூன்றாவது முழங்கை எலும்பு மேல். முழு இறுக்கத்தில் வரும் அளவில் 35 சதவீதம் தாண்டினால் மூடு, 20க்குக் கீழே போனால் விடு என்று தொடங்கிப் பாருங்கள். ஒரே எல்லை வைத்தால் விரல் நடுங்கும். நம்ம ஊர் வேர்வை இரண்டு எலெக்ட்ரோடையும் இணைத்து சிக்னலை விழுங்கும், இடையிடையே துடைக்க வேண்டும்.

பட்டர்வொர்த்: கையை 3டி பிரிண்டரில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் அச்சடித்தால் போதுமா?

காரில் விடாத வரை. 60 டிகிரியிலேயே இளகும். பிஇடிஜி என்ற பிளாஸ்டிக் ஏறக்குறைய 80 தாங்கும்.

பிறை: அப்பாவுக்கு வேலையிடத்தில் விபத்து. சாக்கெட்டையும் (வெட்டுண்ட கையை நுழைக்கும் உறை) நாங்களே அச்சடிக்கலாமா?

கையைச் செய்யுங்கள், சாக்கெட்டை வேண்டாம். வெட்டுண்ட பகுதி பல மாதம் சுருங்கிக்கொண்டே போகும். எலும்பு முனையில் அழுத்தம் விழுந்தால் புண்தான். செயற்கை உறுப்பு நிபுணர் அச்செடுத்துச் செய்யட்டும். வேலை விபத்து என்பதால் பெர்கேசோவில் (மலேசியத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு) முதலில் கேளுங்கள், அவர்கள் செயற்கை உறுப்புக்கு உதவுகிறார்கள். உங்கள் கையின் அடியில் அரை அங்குல போல்ட், அங்குலத்துக்கு 20 மரை வையுங்கள். சாக்கெட் நுனியில் கையைத் திருகும் மணிக்கட்டுப் பூட்டுகளில் பரவலாக இருக்கும் அளவு அது. அப்பா வேலைக்குக் கொக்கியையும் வெளியே போக உங்கள் கையையும் மாற்றி மாற்றித் திருகிக்கொள்ளலாம்.