வீடும் தோட்டமும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி மழையைப் பற்றியவை. ஐப்பசி நெருங்கினால் எங்கள் முடிச்சூரிலும் இதே பேச்சுதான். முப்பது வருடம் வீடு கட்டிக்கொடுக்கும் தொழிலில் இருந்தேன். சொந்த வீட்டுக்குள் நெஞ்சளவு தண்ணீர் நின்றதையும் பார்த்தேன். அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கே: வேளச்சேரியில் 1,100 சதுர அடியில் தனி வீடு. மனையோடு சேர்த்து ஒன்றே கால் கோடி போகும் என்கிறார்கள். அவ்வளவுக்கும் இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டுமா? வீட்டுக் கடன் வாங்கியபோதே வங்கியில் ஏதோ ஒரு இன்ஷூரன்ஸ் போட்டார்கள். அது போதாதா?
– ஐ.டி. ஊழியர், வேளச்சேரி

தம்பி, முதலில் வங்கியில் போட்ட அந்தப் பத்திரத்தைத் தேடி எடுங்கள். பல பேருக்கு அது வீட்டுக்கான காப்பீடே இல்லை, கடன் வாங்கியவரின் உயிருக்கான காப்பீடு. உங்களுக்கு ஏதாவது ஆனால் கடனை அடைக்கும். வீட்டுக்குள் வெள்ளம் வந்தால் ஒரு ரூபாய் தராது. வீட்டுக்கான பாலிசியாகவே இருந்தாலும், கட்டடத்துக்கு மட்டுமா, உள்ளே இருக்கும் சாமான்களுக்கும் சேர்த்தா, எந்தத் தேதி வரை என்று பாருங்கள். என் மைத்துனர் கடனை அடைத்து முடித்த அதே மாதம் பாலிசியும் முடிந்துபோனது. அது அவருக்குத் தெரியவந்தது இரண்டு வருடம் கழித்து, கூரையில் மரம் விழுந்த பிறகு.

தொகை விஷயத்தில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். மனைக்குக் காப்பீடு கிடையாது. கட்டடம் முழுதாகப் போனால் அதைத் திரும்பக் கட்ட என்ன ஆகுமோ, அதுதான் கணக்கு. உங்கள் வீட்டின் கார்பெட் ஏரியா, அதாவது சுவர்களுக்கு உள்ளே இருக்கும் தரைப் பரப்பு, 1,100 சதுர அடி என்றும், இன்றைக்குக் கட்டச் சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 27 லட்சத்து 50 ஆயிரம் வருகிறது. ஒன்றே கால் கோடிக்கு எடுத்து வீணாகப் பிரீமியம் கட்ட வேண்டாம்.

2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்‌ஷா' என்ற பெயரில், எல்லா நிறுவனங்களிலும் ஒரே மாதிரியான விதிகளோடு ஒரு பாலிசி இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்தது. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு எல்லாம் அதில் அடக்கம். கட்டடத்துக்கு எடுத்தால், அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுச் சாமான்களுக்கும் தானாகவே சேர்ந்துவிடும். உங்கள் கணக்கில் அது ஐந்தரை லட்சம். நகை, வெள்ளிச் சாமான் இதில் வராது, தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். சாதாரணத் திருட்டும் வராது. தீயோ வெள்ளமோ வந்த ஏழு நாளுக்குள் நடக்கும் திருட்டுக்கு மட்டும்தான் பணம். பூட்டை உடைத்துத் திருடினாலும் பணம் வேண்டும் என்றால் அதற்குத் தனி பாலிசி. வாடகை வீட்டில் இருப்பவர்கள் சாமான்களுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். கரையான் அரித்த கதவு நிலை, வருடக்கணக்காக ஒழுகி உப்பு பூத்த சுவர், துருப்பிடித்து உப்பிய கம்பி, இவற்றுக்கெல்லாம் எந்த நிறுவனமும் தராது. திடீரென்று நடப்பதற்குத்தான் காப்பீடு. மெதுவாக நடப்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம், பாலிசி எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தவன் நான். 2015 டிசம்பர் 2 விடியற்காலை அடையாறு பெருகி எங்கள் தெருவுக்குள் வந்தது. மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்ததும் நானும் மனைவியும் செய்த முதல் வேலை சுத்தம் செய்தது. ஊறிப்போன இலவம்பஞ்சு மெத்தை, ஃப்ரிட்ஜ், பிள்ளைகளின் புத்தகம், பரணில் ஏற்ற முடியாத அரிசி மூட்டை, எல்லாவற்றையும் தெருவில் போட்டோம், லாரி வந்து அள்ளிக்கொண்டு போனது. நாற்றம் தாங்காமல் சுவரையும் கழுவிச் சுண்ணாம்பு அடித்தோம். சேதத்தைக் கணக்கெடுக்க இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் சர்வேயர் பன்னிரண்டாம் நாள் வந்தார். அவருக்குக் காட்ட வெள்ளைச் சுவரைத் தவிர எங்களிடம் எதுவும் இல்லை. படிக்கட்டுக்குக் கீழே ஒரு முழ நீளம் மட்டும் சுண்ணாம்பு எட்டாமல் விட்டுப்போயிருந்தது. அங்கே தண்ணீர் நின்ற கோடு காய்ந்த தேநீர்க் கறை மாதிரி இருந்தது. அவர் டேப் பிடித்து அளந்த ஒரே இடம் அதுதான். அந்த இடத்தில் இன்றுவரை பெயின்ட் அடிக்கவில்லை. பென்சிலில் தேதி எழுதி வைத்திருக்கிறேன்.

அதனால் மழைக்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கைபேசியோடு ஒவ்வொரு அறையாகப் போய் நான்கு மூலையும் தெரியப் படம் எடுங்கள். பீரோவைத் திறந்து எடுங்கள். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டி.வி. இவற்றின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரையும் எடுங்கள். பில்களோடு சேர்த்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள், கைபேசி நனைந்தாலும் அது இருக்கும். வெள்ளம் வந்துவிட்டால் அன்றே நிறுவனத்துக்குச் சொல்லிக் கிளெய்ம் நம்பர் வாங்குங்கள். சுவரில் கோடு தெரியப் படம் எடுக்காமல் துடைப்பத்தைத் தொடாதீர்கள். நாற்றத்துக்காக எதையாவது எறிய வேண்டி வந்தால், எறிவதற்கு முன்பு படமும், மெத்தையில் ஒரு துண்டும் இருக்கட்டும்.

கே: மழை பெய்தால் மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு இருந்தால் மின்சாரத்தை அறுக்கும் சுவிட்ச்) விழுந்துவிடுகிறது. 'அது தொல்லை, எடுத்துவிட்டு நேராகக் கொடுத்துவிடலாம்' என்கிறார் எலக்ட்ரீஷியன். செய்யலாமா?
– இல்லத்தரசி, கும்பகோணம்

செய்யக் கூடாது அம்மா. அந்த எலக்ட்ரீஷியனையும் மாற்றுங்கள். எங்கேயோ மின்சாரம் ஈரத்தில் கசிகிறது என்றுதான் அது விழுகிறது. வீட்டுக்குப் போடும் ஆர்.சி.சி.பி. 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே அறுத்துவிடும், உயிர் போகாமல் இருக்கத்தான் அந்த அளவு. கேட் விளக்கு, மொட்டை மாடி பிளக், போர் மோட்டார் வயர் இணைப்பு, இந்த மூன்றில் ஒன்றில்தான் பெரும்பாலும் தண்ணீர் இறங்கியிருக்கும். விவரம் தெரிந்த ஒருவரை வைத்து ஒவ்வொரு இணைப்பாகப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த இணைப்பை எடுத்ததும் சுவிட்ச் விழாமல் நிற்கிறதோ, கோளாறு அங்கே. சுவிட்சில் 'டி' என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு தடவை அதை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அது செத்துவிட்டது, அன்றே மாற்றுங்கள்.

கே: தோட்டத்தில் மீந்துபோன செங்கல்லை அடுக்கி வைத்திருக்கிறோம். அதில் ஆளுயரத்துக்கு ஒரு பாம்பு குடியிருக்கிறது. சாரை என்கிறார் கணவர். 'சாரை இருந்தால் அதோடு பிணைய நல்ல பாம்பு தேடி வரும், அடித்துவிடுங்கள்' என்கிறார் மாமியார். வீட்டில் மூன்று வயதுக் குழந்தை. இரண்டு நாளாகத் தூக்கமில்லை.
– ஆசிரியை, பாளையங்கோட்டை

மூன்று வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு தூக்கம் வராததில் தவறே இல்லை, அம்மா. அந்தப் பயத்தை மதித்தே சொல்கிறேன், அடிக்க வேண்டாம்.

உங்கள் மாமியார் சொல்வதை என் ஆத்தாவும் சொல்லுவார். சாரை ஆண், நாகம் பெண் என்று நம் ஊரில் காலங்காலமாகப் பேச்சு. ஆனால் சாரையிலேயே ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. நல்ல பாம்பிலும் அப்படித்தான். இரண்டு பாம்பு பின்னிக்கொண்டு எழும்பி ஆடுவதைப் பார்த்துத்தான் இந்தப் பேச்சு வந்தது. அது இரண்டு ஆண் சாரைகள் போடும் மல்யுத்தம். ஒன்றை ஒன்று தரையில் அமுக்கப் பார்க்கும், தோற்றது ஓடிவிடும்.

சாரைக்கு விஷம் கிடையாது. மெலிந்த உடம்பு, பெரிய கண், உதட்டில் கறுப்புக் கோடுகள், படமெடுக்காது, ஆளைக் கண்டால் அம்பு மாதிரி ஓடும். அது உங்கள் தோட்டத்துக்கு வந்தது எலிக்காக. இப்போது கவலைப்பட வேண்டியது அந்தச் செங்கல் அடுக்கைப் பற்றித்தான். அதில் எலி இருக்கும் வரை, இன்று சாரை இருக்கும் இடத்தில் நாளை வேறு பாம்பு இருக்கலாம். இடையில் ஆள் வைத்து அடுக்கைக் கலைக்க வேண்டாம், கை வைத்தால் எந்தப் பாம்பும் கடிக்கும். தீயணைப்புத் துறைக்கு 101-ல் சொல்லுங்கள், அல்லது வனத்துறைக்கு. அவர்கள் பிடித்துக்கொண்டு போன பிறகு, பகல் வெளிச்சத்தில், நீளக் கம்பியால் ஒவ்வொரு கல்லாகப் புரட்டி அகற்றுங்கள். பாம்பைக் கொல்வது 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

உண்மையில் பயப்பட வேண்டியது நான்கு பாம்புகளுக்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். குழந்தை உள்ள வீட்டில் நான் எப்போதும் சொல்வது கட்டுவிரியனைப் பற்றி. அது இரவில் வரும். தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். வலி இருக்காது, வீக்கமும் இருக்காது, தூக்கத்திலேயே தெரியாமல் போய்விடும். விடிகாலையில் வயிற்று வலி என்று குழந்தை எழுந்து, இமை சொருகினால், கடித்த இடம் தெரியவில்லை என்று காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கயிற்றால் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடித்த கை காலை அசைக்காமல் வைத்துக்கொண்டு போங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம். அந்த மருந்து தயாரிக்க விஷம் எடுத்துக்கொடுப்பதில் பெரிய பங்கு வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு உண்டு. இருளர் சமூகத்தின் பாம்பு பிடிப்பவர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். செய்தியைப் படித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

குழந்தையைக் கட்டிலில் படுக்க வையுங்கள். கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் சொருகிவிடுங்கள். கதவுக்குக் கீழே விரல் நுழையும் இடைவெளி இருந்தால் இன்றே அடைத்துவிடுங்கள்.

கே: பக்கத்து வீட்டுத் தென்னை எங்கள் கார் ஷெட் பக்கம் சாய்ந்து நிற்கிறது. சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள். விழுந்தால் யார் பொறுப்பு?
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், கடலூர்

கடலூரில் இருந்துகொண்டு தென்னையைப் பார்த்துப் பயப்படாமல் இருக்க முடியாது ஐயா. 2011-ல் தானே புயல் போன பிறகு அந்தப் பக்கம் வந்திருந்தேன், சாய்ந்துகிடந்த தோப்புகள் இன்னும் கண்ணிலேயே இருக்கின்றன. முதலில், காய் பறிக்க ஆள் வரும் நாளில் பேசுங்கள். 'மரத்தை வெட்டு' என்று ஆரம்பிக்காமல், 'காயையும் காய்ந்த மட்டையையும் இறக்கிவிடலாம், கூலியில் பாதி நான் தருகிறேன்' என்று சொல்லுங்கள். பாரம் குறைந்தாலே காற்றில் பாதி ஆபத்து போகும். வேர்ப்பக்கம் மண் வெடித்து மேலெழும்பியிருந்தால் மட்டும், படத்தோடு எழுத்தில் கொடுத்து, உள்ளாட்சி அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். ஆபத்து முன்பே அவர்களுக்குத் தெரியும் என்பதற்கு அதுதான் ஆதாரம். மரம் விழுந்து கட்டடம் சேதமானால் மேலே சொன்ன வீட்டு பாலிசியில் வரும். காருக்கு அதில் வராது, கார் பாலிசியைப் பாருங்கள்.

கே: மழை தொடங்கியதும் கை அகல நத்தைகள் வந்து வாழை, கீரை எல்லாவற்றையும் மொட்டையடிக்கின்றன. உப்புத் தூவலாமா?
– மாடித் தோட்டக்காரர், கோயம்புத்தூர்

மண்ணில் உப்பைத் தூவினால் நத்தையோடு கீரையும் போய்விடும். நீங்கள் சொல்வது ஆப்பிரிக்க ராட்சத நத்தை. ஒரு தடவைக்கு நூறுக்கு மேல் முட்டை வைக்கும். சாயங்காலம் நனைந்த கோணிச் சாக்கை விரித்து, அதன் கீழ் பப்பாளி இலையும் முட்டைகோஸ் கழிவும் போடுங்கள். காலையில் தூக்கினால் சாக்கின் அடியில் அப்பியிருக்கும். கையுறை போட்டுப் பொறுக்கி உப்புக் கரைத்த வாளித் தண்ணீரில் போட்டு, செத்த பிறகு ஆழமாகக் குழி வெட்டிப் புதையுங்கள். வெறுங்கையால் தொடவே கூடாது, குழந்தைகளையும் விட வேண்டாம். மூளைக்காய்ச்சல் தரும் புழு அதில் இருக்கலாம். கீரையை நன்றாகக் கழுவி, வேகவைத்தே சாப்பிடுங்கள். மதிலுக்கு வெளியே எறிவதால் பயனில்லை, திரும்பி வந்துவிடும்.

கே: போன மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததற்குக் கிளெய்ம் போட்டேன். 'பராமரிப்புக் குறைவால் வந்த ஓதம்' (சுவரில் ஊறி ஏறும் ஈரம்) என்று எழுதி மறுத்துவிட்டார்கள். மூன்று நாள் முழங்கால் அளவு நின்ற தண்ணீர் ஓதமா? இனி எங்கே போவது?
– மளிகைக் கடைக்காரர், தூத்துக்குடி

உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மாவட்டம் உங்களுடையது. அங்கே வீட்டுக்குள் நின்ற தண்ணீரை ஓதம் என்று எழுதுவதை விட்டுவிடக் கூடாது.

முதலில் அதே நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஓதம் தரையிலிருந்து மேடும் பள்ளமுமாக ஏறும். நின்ற தண்ணீர் எல்லாச் சுவரிலும் ஒரே மட்டத்தில் கோடு போடும். வீட்டின் நான்கு சுவரிலும் தரையிலிருந்து அந்தக் கோடு வரை டேப் வைத்துப் படம் எடுத்துச் சேருங்கள். அண்டை வீடுகளின் கோடும் அதே உயரத்தில் இருந்தால் அதையும். கிராம நிர்வாக அலுவலரிடம் வெள்ளம் வந்ததற்குச் சான்று கேட்டுப் பாருங்கள், அந்த நாளின் செய்தித்தாளையும் இணையுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது மறுபடியும் மறுத்தார்கள் என்றால், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு மனுப் போடலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. 50 லட்சம் வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்வார்கள். நிறுவனம் கடைசியாக மறுத்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும், அதனால் இந்த வாரமே முதல் கடிதத்தை அனுப்பிவிடுங்கள். பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதைப் பாலிசியோடு சேர்த்துப் பின் பண்ணி வையுங்கள். அதுவரை அந்தச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டாம்.