க்ரூசர் பைக்கில் தோள் வலிக்கிறது, ஹேண்டில்பாரை உயர்த்தலாமா?

ஐந்தடி நான்கு அங்குல உயரமுள்ள நீங்கள், புதிதாக வாங்கிய, கால்களை முன்னே நீட்டி ஓட்டும் க்ரூசரில் பல்லடத்திலிருந்து தாராபுரம் போய்வந்தால் தோள்பட்டை வலிப்பதாகவும், ரைசர் (ஹேண்டில்பாருக்கு அடியில் வைத்து அதை உயர்த்தும் துண்டு) வைத்து ஹேண்டில்பாரை உயர்த்தலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உயர்த்துவதற்கு முன், கைப்பிடி உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வண்டியை நேராக நிறுத்தி, ஓட்டும்போது உட்காரும் அதே இடத்தில் அமர்ந்து, கண்ணை மூடித் தோள்களைத் தளர்த்திக் கைகளை இயல்பாக முன்னே கொண்டுவந்தால் அவை எங்கே நிற்கின்றனவோ, அங்கேதான் கைப்பிடி இருக்க வேண்டும். முழங்கை சற்றே மடங்கியும் மணிக்கட்டு முன்கையோடு நேராகவும் இருந்து, கைப்பிடி தோளுக்குக் கீழே அமைந்தால் போதும். முழங்கை விறைத்து நீண்டிருந்தால் பள்ளத்தில் சக்கரம் இறங்கும் ஒவ்வோர் அதிர்ச்சியும் கழுத்துக்கு ஏறும். வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஹேண்டிலைத் திருப்பும்போது வெளிப்பக்கக் கை எட்டாமல் உடம்பே முன்னால் இழுபடும்.

எட்டவில்லை என்றால், பல வண்டிகளில் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தி ஹேண்டில்பாரை உங்கள் பக்கம் சிறிது சுழற்றினாலே கைப்பிடி பின்னால் வரும். சற்றுத் தாழவும் செய்யும், அது பரவாயில்லை. கிளட்ச், பிரேக் லீவர்களின் சாய்வையும் கூடவே திருத்திக்கொள்ளுங்கள்.

வலி போகும்போது வருகிறதா, திரும்பும்போது வருகிறதா என்பதையும் கவனியுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து வரும் மேல்காற்று தாராபுரத்திலிருந்து பல்லடம் திரும்புகிறவரின் நெஞ்சில் அறையும். அந்தப் பக்கம் காற்றாலைகள் அத்தனை நிற்பதே அதனால்தான். க்ரூசரில் பாதங்கள் முன்னால் நீண்டிருப்பதால் காலை ஊன்றி உடம்பை முன்னே சாய்க்க வழியில்லை. காற்று பின்னுக்குத் தள்ளத் தள்ள, ஹேண்டில்பாரைப் பிடித்துத் தொங்குவதுபோலத்தான் ஓட்ட வேண்டியிருக்கும். வலி அப்போது மட்டும் வந்தால், உயரமான ஹேண்டில்பார் நெஞ்சை இன்னும் நிமிர்த்தி வலியைக் கூட்டவே செய்யும். அதற்கு விண்ட்ஷீல்டு வாங்குவதே மேல் என்பேன்.

பஜாஜ் அவெஞ்சர் 220 வண்டியின் ஸ்ட்ரீட் வகையில் ஹேண்டில்பார் தாழ்வாகவும் குரூஸ் வகையில் உயரமாகவும் இருக்கும். தெரிந்தவர்களிடம் இரண்டும் இருந்தால் ஓட்டிப் பார்த்தே முடிவெடுக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ரைசர் தேவைப்பட்டால், 25 மில்லிமீட்டருக்குள் தொடங்குங்கள். பொருத்திய பின் இன்ஜினை ஐடிலில் விட்டு ஹேண்டிலை இரு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள்: இன்ஜின் வேகம் தானாக ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது. பிரேக் ஹோஸ் (பிரேக் ஆயில் போகும் குழாய்) விறைத்து நின்றால், நீளமான ஹோஸ் மாற்றும்வரை வண்டியைச் சாலையில் இறக்காதீர்கள்.