வெயிலில் நிற்கும் ஹீட் சிங்க்: கறுப்பா, வெள்ளையா? கேள்வி பதில்

சோலார் பம்ப் கன்ட்ரோலர், அதாவது பேனல் மின்சாரத்தைப் பம்புக்கு ஏற்றபடி கொடுக்கும் பெட்டி, சூடாவது பற்றி டெல்டா நண்பர்கள் கேட்டவை இவை. ஹீட் சிங்க் என்பது அந்தப் பெட்டியின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும், தகடு தகடாக நிற்கும் அலுமினியத் துண்டு. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மன்னார்குடி: அண்ணே, மதியம் பன்னிரண்டு தாண்டினால் கன்ட்ரோலர் சூடாகி நின்றுவிடுகிறது, குறுவை நாற்று காய்கிறது. பின்னாலிருக்கும் ஹீட் சிங்க் கறுப்பு. கறுப்புதானே சூட்டை நன்றாக வெளியே விடும்?

பாதி சரி தம்பி. நன்றாக விடும், அதைவிட நன்றாக வாங்கும். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட், கறுப்பு அதில் முக்கால் பங்குக்கு மேல் விழுங்கிவிடும். ஹீட் சிங்க் 60 டிகிரி, சுற்றுப்புறம் 35 டிகிரி என்று வைத்துக் கணக்குப் போட்டால் கதிர்வீச்சாக வெளியே போவது சதுர மீட்டருக்கு 170 வாட்தான். வரவு 800, செலவு 170. மிச்சத்தையும் கன்ட்ரோலரின் சொந்தச் சூட்டையும் காற்றுதான் சுமக்க வேண்டும், சித்திரை வைகாசியில் அந்தக் காற்றே அனல்.

கும்பகோணம்: எங்கள் ஊர் பாத்திரப் பட்டறையில் கொடுத்துக் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டுவிட்டால்?

வேண்டாங்க. பளபளப்பான அலுமினியம் வெயிலைக் கொஞ்சமாகத்தான் வாங்கும், ஆனால் சொந்தச் சூட்டைக் கதிர்வீச்சாக விடவே விடாது. அந்த வகையில் பெயின்ட் அடித்த பரப்பு விடுவதில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறுவது கஷ்டம். வெயிலில் கிடந்த தகர வாளியைத் தொட்டுப் பார்த்தால் புரியும்.

வெயிலுக்கு வெள்ளை பெயின்ட்தான் சரி. கண்ணுக்குத் தெரியும் நிறம் வெயிலை எவ்வளவு வாங்கும் என்பதைத்தான் சொல்லும், ஆனால் 60 டிகிரியில் இருக்கும் பொருள் விடும் சூடு இன்ஃப்ரா ரெட், நம் கண்ணுக்குத் தெரியாதது, அங்கே கறுப்பு பெயின்டும் வெள்ளை பெயின்டும் ஏறக்குறைய ஒன்றேதான். வெள்ளை வெயிலில் கால் பங்கு அளவுக்குத்தான் வாங்கும், விடுவது கறுப்பு அளவுக்கு விடும். மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பதும் இதே கணக்குத்தான். சில்வர் பெயின்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள், அதிலுள்ள அலுமினியத் தூள் சூட்டை வெளியே விடுவதைக் குறைத்துவிடும். வெள்ளைக்குத் தம்பி என்று நினைத்து நானே ஒருமுறை அடித்துவிட்டுப் பிறகு சுரண்டியிருக்கிறேன்.

பாபநாசம்: பெயின்ட் போர்வை மாதிரி சூட்டை அடைக்காதா?

மெல்லிசாக ஒரு கை அடித்தால் அடைக்காது. உலோகத்திலிருந்து காற்றுக்குச் சூடு மாறுவதில் இருக்கும் தடைக்கு முன்னால் பெயின்டின் தடை ஒன்றுமே இல்லை. ஆனால் மின்சாரப் பாகம் உட்காரும் முகத்தில் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது, அங்கே சூட்டை நன்றாகக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் மட்டும்.

வேதாரண்யம்: உப்புக் காற்றில் அலுமினியம் பொரிந்துபோகிறது ஐயா.

அனோடைஸ் செய்ததை, அதாவது மின்சாரம் பாய்ச்சி மேலே கெட்டியான ஆக்சைடு படலம் ஏற்றியதை வாங்குங்கள், சாயம் ஏற்றாதது கிடைத்தால் இன்னும் நல்லது. கறுப்புச் சாயம் ஏற்றியதும் ஏற்றாததும் சூட்டை வெளியே விடுவது ஏறக்குறைய ஒரே அளவுதான், சாயம் இல்லாதது வெயிலைக் குறைவாக வாங்கும்.

திருவையாறு: நான் மோட்டார் கொட்டகைக்குள் மாட்டியிருக்கிறேன், ஃபேனும் ஓடுகிறது. வெள்ளை அடிக்கவா?

காசை மிச்சம் பிடியுங்கள். நிழலில் கறுப்பும் வெள்ளையும் ஒன்று, ஃபேன் ஓடினால் நிறத்துக்கு வேலையே இல்லை. ஃபின்களுக்கு, அதாவது ஹீட் சிங்கின் தகடுகளுக்கு நடுவே அறுவடைத் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் கோளாறு.

மன்னார்குடி: சரிண்ணே, நான் முதலில் என்ன செய்ய?

பெயின்ட் டப்பா வாங்குவதற்கு முன்னால் நிழல் பாருங்கள். பேனலுக்குக் கீழேயே மாட்டலாம், இல்லையென்றால் மேலே ஒரு கீற்று போடுங்கள், கீற்றுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு. ஃபின்கள் மேலும் கீழுமாக நிற்கட்டும், சூடான காற்று தானே ஏறிப் போய்விடும். அப்புறமும் கன்ட்ரோலர் சூடாகி நின்றால் வெள்ளை அடியுங்கள். பொழுது சாய்ந்த பிறகு பேனலிலிருந்து வரும் டிசி ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கை வையுங்கள், வெளிச்சம் இருக்கும் வரை பேனல் கம்பியில் மின்சாரம் இருக்கும்.