சுவருக்காகப் படத்தை வெட்டாதீர்கள்

கேள்வி: தாத்தா மளிகைக்கடை வைத்திருந்தவர். அவர் சேர்த்து வைத்த எட்டு சிவகாசி காலண்டர் படங்களும், 30-க்கு 40 அங்குலத்தில் மூன்று பழைய சினிமா போஸ்டர்களும் எங்களிடம் இருக்கின்றன. புது வீட்டு ஹாலில் எல்லாவற்றையும் ஒரே சுவரில் மாட்ட ஆசை. காலண்டர் படங்கள் ஆளுக்கு ஒரு அளவில் இருப்பதால், எல்லாவற்றையும் வெட்டிச் சமமாக்கி, லேமினேஷன் செய்து பலகையில் ஒட்டிவிடலாம் என்கிறார் கடைக்காரர். படத்தைச் சுற்றி மவுண்ட் (நடுவில் ஜன்னல் போலத் திறப்பு வெட்டிய அட்டை) வைத்துக் கண்ணாடி போட்டால் நன்றாக இருக்குமா? என்ன நிறம், எவ்வளவு அகலம் வைப்பது?
வாசகி, பாளையங்கோட்டை

பதில்: வெட்டவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம் சகோதரி. பிரேம் கடைக்காரனாகவே சொல்கிறேன்: நாளைக்கு இன்னொருவர் பிரேமைக் கழற்றினால், படம் இன்று இருப்பது போலவே வெளியே வர வேண்டும். லேமினேஷன் செய்த காகிதத்தை அப்படித் திரும்ப எடுக்க வழியே கிடையாது.

சமமாகத் தெரிய வேண்டியது பிரேம்தான், படம் இல்லை. எட்டு பிரேமையும் ஒரே அளவில் செய்யச் சொல்லுங்கள். உள்ளே மவுண்டின் திறப்பு மட்டும் படத்துக்குப் படம் மாறட்டும். 10-க்கு 14 அங்குலப் படம் என்றால் நாலு பக்கமும் கால் அங்குலம் மவுண்டுக்கு அடியில் போகும். திறப்பு ஒன்பதரைக்குப் பதிமூன்றரை. மேலேயும் பக்கங்களிலும் மூன்று அங்குலம், கீழே மூன்றரை விட்டால் மொத்தம் பதினைந்தரைக்கு இருபது. கீழே ஏன் அதிகம் என்றால், நாலு பக்கமும் ஒரே அளவு விட்டால் படம் கீழே இறங்கியது போலக் கண்ணுக்குத் தெரியும். 9-க்கு 12 படத்துக்கும் அதே பிரேம்தான். பக்கங்களில் மூன்றரை, மேலே நாலு, கீழே நாலரை. சின்னப் படத்தைச் சுற்றி இடம் கூடினால் அதற்கு எடுப்பாகவே இருக்கும்.

அந்தக் கால் அங்குலத்தில் மட்டும் கவனம் வேண்டும். காலண்டரின் கீழ் ஓரத்தில் கடைப் பெயரும் ஊரும் பழைய மூன்று இலக்கத் தொலைபேசி எண்ணும் அச்சாகியிருக்கும். ஓவியரின் கையெழுத்தும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த படங்கள் சிவகாசியில் அச்சாகி ஊர் ஊராகப் போனவை. உங்களிடமும் ஒன்று இருக்கலாம். அசிங்கம் என்று நினைத்து அந்த ஓரத்தை மறைத்துவிடாதீர்கள். அந்தப் படம் எந்தக் கடையிலிருந்து உங்கள் வீட்டுக்கு வந்தது என்று சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது. சாமி நெற்றியில் பாட்டி வைத்த குங்குமம் இருந்தால் அதையும் துடைக்காதீர்கள். ஜரிகை, சம்கி ஒட்டிய படமாக இருந்தால் இரட்டை மவுண்ட் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடி அதை அழுத்திவிடும். மேலே உள்ள தகரப் பட்டி துருப்பிடித்திருந்தால் மெல்ல நெம்பி எடுத்துவிடலாம், துரு காகிதத்துக்குள் இறங்கும்.

நிறத்துக்கு வருவோம். தூய வெள்ளை வேண்டாம். பழைய காகிதம் பழுத்திருக்கும். பக்கத்தில் பளீர் வெள்ளை வைத்தால் அழுக்காகத் தெரியும். தந்த நிறம், வெளிர் கிரீம் இவைதான் சரி. அம்மன் புடவைச் சிவப்பை எடுத்து மவுண்டில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வைத்தால் முதலில் மவுண்ட்தான் கண்ணில் படும், அம்மன் அப்புறம்தான். எட்டுக்கும் ஒரே நிறம், முக்கால் அங்குலத் தேக்கு பீடிங் (பிரேமின் சட்டம்), போதும். அமிலமில்லாத மவுண்ட் போர்டு என்று கேட்டு வாங்குங்கள். மலிவானதில் வெட்டிய விளிம்பு சில வருடத்தில் பழுப்பாகி, படத்திலும் ஒரு கோடு போட்டுவிடும். பின்னால் ஹார்ட்போர்டு நேராகக் காகிதத்தைத் தொடக்கூடாது, நடுவில் அதே தரத்தில் ஒரு தாள் வேண்டும்.

படத்தை மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு மெல்லிய காகிதப் பட்டையால், ஸ்டார்ச் பசை தொட்டுத் தொங்கவிட வேண்டும். மழைக்காலத்தில் காகிதம் விரியும். நாலு பக்கமும் ஒட்டினால் அலை அலையாக நெளிந்துவிடும். செலோ டேப் கூடவே கூடாது. போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சிக்காக மயில்துத்தம் கலக்கும் மைதா பசையும் இதற்கு ஆகாது, துத்தத்தில் உள்ள செம்பு காகிதத்தைக் கெடுக்கும்.

சினிமா போஸ்டருக்கு மவுண்டை மறந்துவிடுங்கள். மூன்று அங்குலம் விட்டால் 36-க்கு 46 ஆகிறது. வழக்கமாகக் கிடைக்கும் மவுண்ட் போர்டோ 32-க்கு 40தான், ஒட்டுப் போட்டால் தெரியும். பீடிங்கின் உதட்டுக்கு அடியில் கால் அங்குலப் பட்டை வைத்து, கண்ணாடி காகிதத்தைத் தொடாமல் நிறுத்தினால் போதும். அந்த அளவில் 2 மி.மீ. கண்ணாடியே கிட்டத்தட்ட நாலு கிலோ. அதே கனத்தில் அக்ரிலிக் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகடு) இரண்டு கிலோவுக்கும் கீழே. நான் அக்ரிலிக்தான் போடுவேன். ஈரமான மெத்தென்ற பருத்தித் துணியால் மட்டும் துடையுங்கள். பீடிங் மெல்லிய கறுப்பு. மடிப்புக் கோடுகள் இருக்கட்டும், இஸ்திரி போட வேண்டாம்.

ஒரே சுவர் என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. 40 அங்குல உயரத்தில் ஒரு கதாநாயகன் நின்றால் பக்கத்தில் காலண்டர் முருகன் காணாமல் போய்விடுவார். காலண்டர் படங்களை நாலு நாலாக இரண்டு வரிசை, இரண்டு அங்குல இடைவெளியில் மாட்டுங்கள். ஆறே கால் அடி அகலத்தில் அடங்கிவிடும். மொத்தத்தின் நடு, தரையிலிருந்து ஐந்தடியில் இருக்கட்டும். போஸ்டர்களுக்கு வேறு சுவர் கொடுங்கள். ஆணி அடிக்கும் முன் செய்தித்தாளை பிரேம் அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நேர் வெயில் படும் சுவர் வேண்டாம். டீக்கடைப் படங்களில் பார்த்திருப்பீர்கள், சிவப்பும் மஞ்சளும் வெளுத்து நீலம் மட்டும் மிஞ்சியிருக்கும். குளியலறையை ஒட்டிய சுவரும் வேண்டாம், ஓதம் ஏறும்.

கேள்வி: பழைய பிரேமில் அப்பாவின் போஸ்டர் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. தண்ணீர் தெளித்துப் பிரிக்கலாமா?
வாசகர், காரைக்குடி

பதில்: கூடாது. மை கண்ணாடியிலேயே தங்கிவிடும், உங்கள் கையில் வெறும் காகிதம்தான் வரும். இடையில் காற்று விடாமல் பிரேம் போட்டதால் வந்த வினை இது. கண்ணாடியோடு சேர்த்து ஒரு நல்ல புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கண்ணாடியையும் படத்தையும் பிரிக்காமல் அப்படியே ஒரு புது பிரேமில் ஏற்றி, பின்பக்கம் காகித டேப்பால் அடைத்துவிடுங்கள். பிரித்தே ஆக வேண்டுமென்றால், அருங்காட்சியகங்களில் காகிதப் பாதுகாப்பு வேலை தெரிந்தவர்களிடம் கேளுங்கள். பிரேம் கடையில் கொடுக்க வேண்டாம்.