ஈப்ரோமில் எரித்ததும் ஆறு வரியோடு நின்றுபோகும் கமடோர் 64 நிரல்

கேள்வி: பழைய வீட்டுக் கணினியான கமடோர் 64-க்கு நான் எழுதிய விளையாட்டை வட்டிலிருந்து நினைவக முகவரி 32768-இல் ஏற்றினால் நன்றாக ஓடுகிறது. அதையே 2764 ஈப்ரோமில் (நிரலை நிரந்தரமாக எழுதி வைக்கும் சில்லு) எரித்து, கணினியில் செருகும் கார்ட்ரிட்ஜாகப் போட்டால், திரையில் ஆறு வரியும் ஏழாவதில் கொஞ்சமும் வந்து உறைகிறது. ரேம் சில்லு எட்டையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக்.

பதில்: மாற்றாதீர்கள். ரேம் கெட்டிருந்தால் வட்டிலிருந்தும் ஓடியிருக்காது. சந்தேகம் வந்ததும் எட்டு 4164 ரேம் சில்லு விற்கப் பார்ப்பவரிடம் பழைய போர்டைக் கொடுக்கவே கூடாது. சில்லைக் கழற்றும்போது செம்புத்தடமும் பெயர்ந்து வரலாம்.

ஆறு வரி 240 எழுத்து, ஏழாவதில் 16. மொத்தம் 256, அதாவது ஒரு பக்கம். திரை நினைவகம் 1024-இல், அதாவது 4-ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. அங்கே நகலெடுக்கும் உங்கள் சுற்று (லூப்) ஒரு பக்கம் முடிந்ததும் தன் கட்டளைக்குள் இருக்கும் முகவரியின் மேல் பைட்டை, அதாவது பக்க எண்ணை, ஒன்று கூட்டி, அது 8 ஆனதும் நிற்பதாக எழுதப்பட்டிருக்கும். கார்ட்ரிட்ஜில் அப்படிக் கூட்டி எழுதுவது ரோமுக்கு (உங்கள் ஈப்ரோமுக்கு) அடியிலுள்ள ரேமுக்குப் போகிறது. படிக்கும்போது ரோமிலுள்ள பழைய 4 தான் வரும். 8 வரவே வராது, சுற்றும் முடியாது.

அந்தப் பகுதியை மட்டும் ரேமில் 49152-இல் ஓடுவதாக அசெம்பிள் செய்து (பொறிமொழியாக்கி) ஈப்ரோமின் ஓர் ஓரத்தில் வையுங்கள். தொடக்கத்தில் செயலியின் எக்ஸ் பதிவேட்டை எண்ணியாக வைத்து 256 பைட்டை 49152-க்கு நகலெடுத்து, பிறகு அங்கே அழையுங்கள். நகலெடுக்கும் சுற்று தன்னை மாற்றிக்கொள்ளக் கூடாது. 32768-க்கு அசெம்பிள் செய்த பைட்டுகளை அப்படியே நகர்த்தினால் முகவரிகள் மறுபடி ரோமையே காட்டும்.

வேகத்துக்காக அதைப் பூஜ்யப் பக்கத்தில் (முகவரி 0 முதல் 255 வரை) வைப்பதானால் கவனம். கணினியோடு வரும் பேசிக் மொழியே 115-இலிருந்து அப்படித்தான் செய்கிறது; 122, 123-இல் இருப்பது கட்டளையின் முகவரி, ஓட ஓட மாறும். ஆனால் ரேமைத் தயார்செய்ய 65415-ஐ அழைத்தால் கெர்னல் (கணினிக்குள்ளேயே இருக்கும் இயக்க நிரல்) 2 முதல் 257 வரையும் 512 முதல் 1023 வரையும் துடைத்துவிடும். அதனால் முதலில் 65415, பிறகுதான் நகல். மாற்றிச் செய்தால் நிரல் துடைக்கப்பட்ட வெறும் சுழியங்களுக்குள் குதிக்கும். வட்டிலிருந்து ஏற்றும்போது இந்த வேலையெல்லாம் முடிந்திருக்கும். கார்ட்ரிட்ஜ் என்றால் எல்லாவற்றையும் உங்கள் தலையில் கட்டிவிடுகிறது கெர்னல். நிரல் பட்டியலை அச்சடித்தவர்கள் இதை ஒரு வரியில்கூடச் சொன்னதில்லை.

ஒவ்வொரு அழைப்பிலும் மேல் பைட்டில் 4-ஐ மறுபடி எழுதுங்கள். மூலப் பக்கத்தின் முகவரியையும் அப்படியே. இல்லாவிட்டால் இரண்டாம் முறை 2048-இலிருந்து அழிக்கத் தொடங்கும். நான்கு முழுப் பக்கம் என்றால் 1024 பைட். திரைக்கு 1000 போதும். மிச்ச 24-இல் ஸ்ப்ரைட் (திரையில் நகரும் சிறு படம்) சுட்டிகள், 2040 முதல் 2047 வரை, அடிபடும். கடைசிப் பக்கத்தை 232-இல் நிறுத்துங்கள்.