புகை அடித்தும் நுளம்பு குறையவில்லையே!

கேள்வி: வீட்டில் கிணறும் குளிக்கிற சீமெந்துத் தொட்டியும் உண்டு. வீதியில் புகை அடித்துவிட்டுப் போனார்கள். பத்து நாளில் பழையபடி பகலிலேயே கடிக்கிறது. சுருளும் கொளுத்துகிறோம். வேறென்ன செய்யலாம்?
– வாசகி, உப்புவெளி

பதில்: பகலில் கடிப்பது பெரும்பாலும் டெங்கு நுளம்புதான். புகை அந்த நேரத்தில் பறக்கிற நுளம்பை மட்டுமே கொல்லும். தண்ணீரில் நெளியும் குடம்பிக்கும் முட்டைக்கும் ஒன்றும் ஆகாது. நம் வெக்கையில் முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும். உங்கள் கணக்கும் அதுதானே!

தொட்டியில் இருந்து தொடங்குங்கள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் கறுப்புப் பொட்டுகளாக ஒட்டியிருப்பவை முட்டைகள். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் இருந்து, நீர் ஏறியதும் பொரிக்கும். தண்ணீரை மட்டும் மாற்றுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். வாரம் ஒரு நாள் தொட்டியை வடித்து, உட்சுவரையும் மூலைகளையும் தும்பால் அழுத்தித் தேயுங்கள். அந்த நீரைக் கானுக்குள் விடாமல் காய்ந்த மணலில் ஊற்றுங்கள். பிறகு வலைத்துணியால் மூடி, விளிம்பைச் சுற்றி இறுகக் கட்டுங்கள். வலை தொய்ந்து நீரில் பட்டால் அதன் மேலேயே முட்டையிடும்.

வடிக்க முடியாத தொட்டிக்கு, குடம்பியைக் கொல்லும் மருந்து கலந்த 1 வீத டெமெபொஸ் மணல் உண்டு: 10 லீற்றருக்கு 1 கிராம், 500 லீற்றருக்கு 50 கிராம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு, அவர் சொல்கிறபடி போடுங்கள்.

கிணற்றுக்குக் குடம்பியைத் தின்னும் கப்பி மீன் நல்லது. ஆனால் மீன் விட்ட கிணற்றில் குளோரின் போட்டால் மீன் செத்துவிடும். மழைக்குப் பின் குளோரின் இட்டிருந்தால் மீன் இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். மிஞ்சிய மீனைக் குளத்திலோ ஆற்றிலோ விடவேண்டாம். உள்ளூர் மீனுக்குக் கேடு.

குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டையும் இழுத்துப் பாருங்கள், பலர் மறக்கிற இடம். ஐப்பசி மழைக்கு முன்பே பீலியில் அடைந்த இலைகளை அள்ளி, சிரட்டைகளைக் கவிழ்த்துவிடுங்கள். 2017 இல் டெங்குவால் கிண்ணியா பட்ட பாடு நமக்குத் தெரியும். இந்த நுளம்பு அதிகம் பறக்காது, நூறு இருநூறு மீற்றர்தான். ஆகவே பக்கத்து வளவுக்காரரையும் அதே நாளில் தேய்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இரவில்தான் எங்களுக்குத் தொல்லை. வீட்டில் தேங்கிய நீரே இல்லை.
– வாசகர், தம்பலகாமம்

பதில்: மலக்குழியின் காற்றுக்குழாயைப் பாருங்கள், குழிக்குள் பெருகும் நுளம்பு அதன் வழியாக வந்துபோகும். அதன் வாயில் நுளம்பு வலையைக் கம்பியால் கட்டுங்கள். நைலோன் வலை வெயிலில் பொடிந்துவிடும், அவ்வப்போது மாற்றவேண்டும். மூடியின் வெடிப்பைச் சீமெந்தால் அடையுங்கள்.