தொண்டியில் ஓக் வளருமா?

கேள்வி: இங்கிலாந்தில் மகள் வீட்டில் இருந்துவிட்டு வந்தேன். அங்கே பேரன் ஓக் மரத்தடியில் கொட்டை பொறுக்கித் தொட்டியில் முளைக்கப் போடுகிறான். "உங்க ஊர்லயும் வைக்கலாம் பாட்டி" என்கிறான். அடுத்த முறை கொண்டுவரச் சொல்லட்டுமா ஐயா? வீட்டுக்குப் பின்னால் மணல் தரிசு சும்மா கிடக்கிறது.
– ஒரு வாசகி, தொண்டி

பதில்: வேண்டாம் அம்மா. வெளிநாட்டு விதையை அனுமதி வாங்காமல் கொண்டுவரச் சட்டத்தில் இடமில்லை. விதையோடு பூச்சியும் நோயும் சேர்ந்து வந்துவிடும். தவிர, குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்குகிற அந்த மரம் தொண்டி வெக்கையில் தேறாது.

பேரன் செய்வது நல்ல காரியம், விடாமல் செய்யட்டும். ஓக் கொட்டை காய்ந்தால் உயிர் போய்விடும், பொறுக்கிய சூட்டோடு ஊன்றச் சொல்லுங்கள். எலி தின்னாமலிருக்க மேலே கம்பிவலை வேண்டும். முதலில் வேர்தான் இறங்கும், இலை வசந்தத்தில் வரும். அங்கே ஜே என்றொரு காக்கை இனப் பறவை, குளிர்காலத் தீனிக்காக இந்தக் கொட்டைகளைப் புதைத்து வைக்கும். தின்னாமல் விட்டவை மரமாகும். அந்த நாட்டில் 2,300-க்கும் மேற்பட்ட உயிரினங்களுக்கு ஓக்கோடு தொடர்பு உண்டு.

நம் கரையில் அப்படிப் பல உயிர்களைத் தாங்குவது பனை. சாயல்குடிப் பக்கத்துப் பனங்காட்டில் சாயங்காலம் போய் நில்லுங்கள். பனை உழவாரன் கீச்சிட்டுக்கொண்டு ஓலைகளைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும். தொங்கும் ஓலையின் அடியில் இறகையும் பஞ்சையும் எச்சிலால் ஒட்டிக் கூடு வைக்கும். காற்றில் ஓலை ஆடினாலும் முட்டை விழாது, அதையும் எச்சிலாலேயே ஒட்டியிருக்கும். தூக்கணாங்குருவி பனையோலையை நார் நாராகக் கிழித்துக் கூடு பின்னும். காய்ந்து தொங்கும் காவோலைக்குள் வௌவால் அடையும். தலை போன மொட்டைப் பனையின் பொந்து கிளிக்கு. அதனால் காவோலையை எல்லாம் கழித்து மரத்தை 'சுத்தமாக' வைப்பது எனக்குப் பிடிப்பதில்லை. நாலு ஓலையாவது தொங்கட்டும்.

ஆவணி, புரட்டாசியில் விழும் பழத்தை எடுத்து, சதையை நீக்கி, கொட்டையை ஐப்பசி மழைக்கு முன்னால் ஊன்றுங்கள். அரையடி ஆழம் போதும், பத்தடிக்கு ஒன்று. ஆண், பெண் எது என்று பூக்கும்வரை தெரியாது. அதற்குப் பன்னிரண்டு, பதினைந்து வருஷம் ஆகும். அதனால் தாராளமாகவே ஊன்றுங்கள்.

கேள்வி: பனங்கொட்டை ஊன்றி ஒரு மாதத்துக்கு மேலாகிறது. மண்ணுக்கு மேல் ஒன்றும் காணோம். தோண்டிப் பார்க்கலாமா?
– ஒரு வாசகர், உச்சிப்புளி

பதில்: தோண்டாதீர்கள் தம்பி, இப்போது அது கீழ்நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கும். கொட்டையின் கண்ணிலிருந்து விரல் பருமனில் வெள்ளையாக ஒரு குழல் கிளம்பி நேராக மண்ணுக்குள் இறங்கும். அதன் நுனியில்தான் கிழங்கு கட்டும். பொங்கலுக்கு அவித்துத் தின்கிறோமே, அதே கிழங்கு. அதற்குள்ளிருந்து முதல் ஓலை, பிரியாமல் மடித்த கத்தி மாதிரி, பெரும்பாலும் தைக்குப் பிறகுதான் தலைகாட்டும். இப்போது தோண்டினால் குழல் ஒடிந்துவிடும். தொட்டியில் முளைக்க வைத்து இடம் மாற்றுவதும் இதனால்தான் சரிப்படுவதில்லை.

ஊன்றிய இடத்தில் ஒரு குச்சி அடையாளம் வையுங்கள். ஆடு மேயும் இடமென்றால் சீமைக் கருவேல முள்ளை வெட்டிச் சுற்றிலும் போட்டுவிடுங்கள். கிழங்கு பிடுங்க வரும் பிள்ளைகளிடம், இது வடலிக்கு, அதாவது இளம்பனையாக வளர, விட்டது என்று முன்பே சொல்லி வையுங்கள்.